புரோட்டேஜேயும் ஆவுலும்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

மருந்துப் பட்டியல்களைக் கணினி யோசிக்கக்கூடிய அறிவாக எழுதுவதற்குப் பல வருடங்களாகப் புரோட்டேஜே மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். அதில் அறிவை எழுதும் மொழி ஆவுல் (OWL) 2. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு அதை 2009இல் தரமாக வெளியிட்டது.

புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இதன் திறந்த உலகக் கொள்கையில்தான். டேட்டாபேஸில் ஒன்று பதிவாகவில்லை என்றால் அது இல்லை என்றே எடுத்துக்கொள்வோம். தர்க்க நிரல்மொழியான புரோலாகும் அப்படித்தான். ஆவுல் அப்படி எடுத்துக்கொள்ளாது. ஒரு மாத்திரையில் பாராசிட்டமால் இருக்கிறது என்று எழுதி, 'பாராசிட்டமால் மட்டுமே உள்ள மருந்து' என்ற வகுப்பையும் (ஒரே தன்மையுள்ளவற்றின் தொகுப்பு) வரையறுத்து, ரீசனரை (எழுதியவற்றிலிருந்து முடிவுகளைத் தானாகக் கண்டறியும் நிரல்) ஓட்டிப் பாருங்கள். மாத்திரை அந்த வகுப்புக்குள் போகாது. காஃபீனும் இருக்கலாம், இல்லை என்று யாரும் சொல்லவில்லையே! 'வேறு மருந்துப்பொருள் கிடையாது' என்று தனியாக ஒரு வரி எழுதிய பிறகுதான் உள்ளே போகும். ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். ஆனால் மருந்து விஷயத்தில், தெரியாததை இல்லை என்று சொல்லாத இந்தக் குணத்துக்காகவே இதை நம்புகிறேன்.

இன்னொன்று, காரணம் காட்டுவது. பாராசிட்டமால் கலந்த சளி மாத்திரை ஒன்றை ரீசனர் தானாகவே 'பாராசிட்டமால் உள்ளவை'க்குக் கீழே கொண்டுவந்து வைக்கும். காய்ச்சல் மாத்திரையோடு சேர்த்துப் போட்டால் அளவு கூடிக் கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் இது முக்கியம். பக்கத்தில் உள்ள கேள்விக்குறியை அழுத்தினால், எந்தெந்த வரிகளிலிருந்து அந்த முடிவு வந்தது என்று காட்டும். சாட்பாட்களும் காரணம் சொல்கின்றன. ஆனால் அந்தக் காரணத்தால்தான் அந்த முடிவு வந்தது என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

விதிவிலக்குகள்தான் பெரிய குறை. 'மாத்திரை என்றால் விழுங்குவது மட்டுமே' என்றும், விழுங்குவதும் நாக்குக்கு அடியில் வைப்பதும் வேறு வேறு என்றும் எழுதிவிட்டு, நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரையைச் சேர்த்தால், முரண்பாடு என்று அந்த நைட்ரோகிளிசரின் வகுப்பே சிவப்பாகிவிடும். 'பொதுவாக' என்று சொல்ல இதில் வழி கிடையாது. விதியைத் திருத்தியே ஆக வேண்டும்.

அப்புறம் வேகம். வாக்கியங்கள் சிக்கலானால் ஹெர்மிட் மாதிரியான முழு ரீசனர்கள் திணறும். ஆவுலுக்கு அடிப்படையான தர்க்கத்தின் கணக்கே அவ்வளவு கனம். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவக் கருத்துகள் உள்ள ஸ்னோமெட் சிடி என்ற சொற்தொகுப்பு, ஆவுலின் ஈஎல் என்ற எளிய உட்பிரிவில் அமைந்திருப்பதால், எல்க் ரீசனர் அதைச் சாதாரணக் கணினியிலேயே சீக்கிரம் வகைப்படுத்திவிடுகிறது. ஆனால் ஈஎல்லில் 'மட்டுமே' என்று எழுத முடியாது. அதனால் முழுப் பட்டியலையும் ஈஎல்லில் வைத்துக்கொண்டு, 'மட்டுமே' தேவைப்படும் சிறு பகுதியைத் தனிக் கோப்பாக்கி ஹெர்மிட்டிடம் கொடுக்கிறேன்.