மீசை வைத்த சுறா: ராமேஸ்வரம் போகிறவர்கள் கவனத்துக்கு

போன மாதம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு ராமேஸ்வரம் போயிருந்தோம். தீர்த்தமாடிவிட்டு தனுஷ்கோடிக்குக் கிளம்பினால், ஆட்டோ அண்ணன் வழியில் ஓரிடத்தில் நிறுத்தினார். ‘மன்னார் வளைகுடா அரிய கடல் உயிரினங்கள், பாதுகாப்பு விழிப்புணர்வு மையம்’ என்று பெரிய போர்டு. கடல்பசு, கடலாமை, பவளப்பாறை எல்லாம் படத்தில் இருந்தன. நான்காம் வகுப்பு படிக்கும் மகள் கடல்பசு பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம். தலைக்கு 150 ரூபாய், மொபைலில் படம் எடுக்கத் தனியாக 50. ஐந்து பேருக்கு 800 ரூபாய் போனது. திரும்பி வரும்போது ஆட்டோ அண்ணன் கவுன்டரில் ஏதோ சீட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் எனக்குக் கமிஷன் கணக்குப் புரிந்தது.

உள்ளே முதல் தொட்டியிலேயே ‘மன்னார் வளைகுடா சுறா’. குழந்தைகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டார்கள், நானும் செல்ஃபி எடுத்தேன். கூட வந்த என் மனைவியின் தம்பி தங்கச்சிமடத்துக்காரர், கடலுக்குப் போகிறவர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “மச்சான், மீசை வச்ச சுறாவ எந்தக் கடல்ல பாத்தீங்க? இது கெளுத்தி” என்றார். சரிதான். சுறாவுக்கு இருக்க வேண்டிய செவுள் வெட்டுகள் ஒன்றுகூட அதற்கு இல்லை. அது பங்காசியஸ், தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்று நன்னீர் மீன். ஓட்டல்களில் ‘பாசா’ என்று முள்ளில்லாத துண்டாகப் போடுகிறார்களே, அந்தச் சாதிதான். வண்ணமீன் கடையில் குட்டியாக வாங்கலாம்.

அடுத்தது ‘அரிய கடலாமைக் குஞ்சுகள்’. கடலாமைக்குக் கால் துடுப்பு மாதிரி இருக்கும், தலையை ஓட்டுக்குள் இழுக்கவும் முடியாது. இவை நகமுள்ள விரல்களோடு கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தன, தட்டினால் தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்க் குளங்களில் தொல்லையாகிக்கொண்டிருக்கும் சாதி அது. ஒருவேளை நிஜக் கடலாமையை அங்கே வைத்திருந்தால் அது இன்னும் பெரிய குற்றம் என்பது வேறு விஷயம்.

கடல்பசு? ஃபைபர் பொம்மை, மேலே நீல பல்பு. கடற்புல்லை மேய்ந்து 300, 400 கிலோ வளரும் பிராணியைத் தொட்டியில் வைத்திருப்பார்களா என்று நானாவது யோசித்திருக்க வேண்டும். இதே கடலோரத்துக்கு வடக்கே, பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக 2022-இல் அரசு அறிவித்ததே, அதைப் பற்றி ‘விழிப்புணர்வு மையத்தில்’ ஒரு வரி கிடையாது.

எனக்கு வயிறு எரிந்தது தொட்டுப் பார்க்கும் தொட்டியில்தான். ஓர் ஆள் நட்சத்திர மீனைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒவ்வொரு குழந்தையின் கையிலும் வைக்கிறார், படத்துக்கு 30 ரூபாய். தண்ணீரில்தான் அதற்கு மூச்சு. எங்கள் முறை வந்தபோது அது துவண்டு கிடந்தது. மகள் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

பணம் போனால் போகட்டும். வெளியேறும் வழியில் இருக்கும் கடைதான் நிஜமான ஆபத்து. பிசினுக்குள் பதித்த கடல்குதிரைச் சாவிக்கொத்து, பவளப்பாறைத் துண்டுகள், ‘மிதக்கும் கல்’ எல்லாம் விற்கிறார்கள். மகள் சாவிக்கொத்தை எடுத்ததும் மைத்துனர் பதறிப்போய் வாங்கித் திருப்பி வைத்தார். கடல்குதிரை, கடல் அட்டை, பாறை கட்டும் பவளம் எல்லாம் 2001-இலேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தவை. குறைந்தது 3 ஆண்டு, 7 ஆண்டு வரை சிறை. விற்றவனுக்கு மட்டும் இல்லை, வைத்திருப்பவருக்கும் சேர்த்துத்தான். மைத்துனர் கடல் அட்டை வழக்கில் ஆட்கள் சிறைக்குப் போனதைப் பார்த்த ஊர்க்காரர், அதனால் அவருக்குப் பயம். பில் கேட்டேன். “எல்லாரும் வாங்கிட்டுத்தான் சார் போறாங்க” என்பதுதான் பதில். நீங்கள் ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால், விமானத்தில் கொண்டுபோகிற யோசனையை விட்டுவிடுங்கள்.

கவுன்டரில் பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, டிக்கெட்டின் பின்னால் ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருப்பதைக் காட்டினார்கள். அதே டிக்கெட்டில் நிறுவனத்தின் முகவரியும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. ஜிபேயில் பணம் போனது யாரோ தனி ஆளின் பெயருக்கு. காசு கொடுக்கும் முன்பே அதைக் கவனித்திருக்கலாம். கடையில் எடுத்த படங்களை வனத்துறைக்கு அனுப்பியிருக்கிறேன்.

உள்ளூர்க் கடல் உயிரினங்களைத்தான் பார்க்க வேண்டும் என்றால், மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் காட்சியகம் இருக்கிறது. பாம்பன் பாலத்துக்கு முன்பே வந்துவிடும். திறந்திருக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள். கடல்பசுவை அங்கேயும் உயிரோடு எதிர்பார்க்காதீர்கள்.

நான் எடுத்த அந்த செல்ஃபி இப்போது மைத்துனரின் வாட்ஸப் ஸ்டேட்டஸில் ஓடுகிறது. தங்கச்சிமடத்தில் எனக்குப் பெயரே ‘மீசைச் சுறா’ ஆகிவிட்டது.