பஸ்ஸுக்கு ஐந்துக்கு நாலரை, நிறுத்தத்துக்கு அரை

2025 ஜூன் கடைசியில் சென்னை வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் விட்டார்களே, அதில்தான் இப்போது வேலைக்குப் போய் வருகிறேன். நான் வீல்சேரில் இருப்பவள். பழைய பஸ் என்றால் உயரமான படி, வாசல் நடுவே கம்பி, இரண்டு பேர் என்னைத் தூக்க ஒருத்தர் நாற்காலியை மடித்துக் கொடுக்க, மொத்த பஸ்ஸும் வேடிக்கை பார்க்கும். அதற்குப் பயந்தே ஆட்டோவுக்குக் கொட்டிக்கொடுத்த காசு கொஞ்சமில்லை. இதில் இதுவரை யாரும் என்னைத் தூக்கவில்லை.

தரை 400 மில்லிமீட்டர் உயரம்தான், நின்றதும் வண்டி நடைபாதைப் பக்கம் இன்னும் கொஞ்சம் தாழ்கிறது, நடத்துனர் நடுவாசலில் மடித்திருக்கும் சாய்பலகையை விரித்துப் போட்டால் உருட்டிக்கொண்டு ஏறிவிடலாம். உள்ளே நாற்காலி நிற்க இடம், பெல்ட், கைக்கெட்டும் உயரத்தில் பொத்தான். முழங்கால் வலிக்காரப் பாட்டிகளும் நிம்மதியாக ஏறுகிறார்கள். அப்புறம் புகை. டீசல் பஸ் கிளம்பும்போது மற்றவர்களுக்குக் காலடியில் போகும் புகை எனக்கு முகத்துக்கு நேரே வரும், இதில் அது இல்லவே இல்லை.

நிறுத்தம்தான் பிரச்சினை. நடைபாதை முழங்கால் உயரம், ஏறச் சரிவு கிடையாது, குறுக்கே இரும்புக் குழாய் வேறு. அதனால் ரோட்டிலேயே நிற்கிறேன். ஓரத்தில் ஆட்டோக்கள் நின்றால் பஸ் நடுரோட்டில்தான் நிற்க முடியும், பலகை ரோட்டில் போய் முட்டும்போது சரிவு செங்குத்தாகிவிடும், பின்னாலிருந்து யாராவது தள்ளியே ஆகவேண்டும்.

இந்தப் பஸ் சும்மா வரவில்லை. நம்ம ரோட்டுக்குத் தாழ்தளம் சரிப்படாது என்று அரசுத் தரப்பில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை போய் வருஷக்கணக்கில் வழக்காடித்தான் வாங்கினார்கள். என் நிறுத்தத்தைக் கட்டும்போது எங்களிடம் யாரும் கேட்கவில்லை, பார்த்தாலே தெரிகிறது. ஒருமுறை எங்கள் பகுதியில் ரோடு, வெயில், மழைநீர் பற்றிக் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். முதல் மாடியில், லிஃப்ட் இல்லாமல். கீழே உட்கார்ந்து காகிதத்தில் எழுதிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தனுப்பினேன், பதிலே இல்லை. எங்கள் தெருவின் தூய்மைப் பணியாளர்கள் ஒருவர்கூட வரவில்லை. காலை 11 மணிக்கு வைத்தால் வேலையை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? ஷிப்ட் முடிந்து உச்சி வெயிலில் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது அவர்கள்தான், நிழல் எந்தப் பக்கம் வேண்டும் என்று அவர்களைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தைத் தரைத்தளத்தில், சாயங்காலம் வையுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறேன்.

வீல்சேரில் போகிறவர்களுக்கு ஒன்று: நடுவாசல் எங்கே வந்து நிற்கிறது என்று இரண்டு பஸ்ஸைப் பார்த்து வைத்துக்கொண்டு அங்கே நில்லுங்கள், தூரத்தில் வரும்போதே கையைத் தூக்கிக் காட்டுங்கள். ஓட்டுநர் பார்த்துவிட்டால், இடமிருந்தால் ஓரம் கட்டித்தான் நிறுத்துகிறார்.