நோரிலா, பிசி-ஏபிஎஸ்ஸா? கலந்த பிளாஸ்டிக்குகளில் எது எதற்கு

கோயம்புத்தூரில் போர்வெல் பம்ப் விலை விசாரித்தவர்கள் 'நோரில் இம்பெல்லர்' (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) என்று கடைக்காரர் சொல்லக் கேட்டிருப்பார்கள். மானிட்டர், லேப்டாப் கூடுகளின் உட்புறத்தில் 'பிசி+ஏபிஎஸ்' என்று பொறித்திருப்பதையும் சிலர் பார்த்திருக்கலாம். இரண்டுமே கலவைகள். நோரிலில் இருப்பவை பிபிஓ, பாலிஸ்டைரீன் என்ற இரண்டு பிளாஸ்டிக்குகள். பிசி+ஏபிஎஸ்ஸில் இருப்பவை பாலிகார்பனேட் (பிசி), ஏபிஎஸ். விற்பனைப் பட்டியல்களில் இரண்டும் 'பாலிமர் அலாய்' என்ற ஒரே வரிசையில்தான் வரும். ஆனால் உள்ளே நடப்பது நேர் எதிர். எதை எங்கே போடலாம் என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.

பாலிமர் என்றால் நீண்ட சங்கிலிபோன்ற மூலக்கூறுகளால் ஆன பொருள். இரண்டு பாலிமர்களை உருக்கிக் கலக்கினால் பெரும்பாலும் அவை சேருவதில்லை. சிறு மூலக்கூறுகள் கலக்கும்போது அவை அமர்வதற்குக் கணக்கில்லாத புது அமைப்புகள் கிடைக்கும். அந்த லாபம்தான் கலப்பை நடத்திவைக்கிறது. நீண்ட சங்கிலிகளுக்கு அந்த லாபம் மிகச் சொற்பம். ரவையையும் சர்க்கரையையும் கலப்பது எளிது. இரண்டு இடியாப்பங்களை இழைக்கு இழை கலந்து பாருங்கள், தெரியும். 1940களின் தொடக்கத்தில் ஃப்ளோரி, ஹக்கின்ஸ் என்ற வேதியியலாளர்கள் இருவரும் தனித்தனியே இதைக் கணக்காக்கினார்கள். அந்தக் கணக்குப்படி, இரு சங்கிலிகளுக்கும் நடுவே ஓரளவு ஈர்ப்பாவது இருந்தால்தான் முழுக்கலப்புக்கு வழி உண்டு.

நோரில் அப்படி வாய்த்த அபூர்வ ஜோடி. ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ஆலன் ஹே 1956இல் பாலிஃபினிலீன் ஆக்சைடு என்ற பிபிஓவைக் கண்டுபிடித்தார். சுமார் 210 டிகிரி வரை இளகாத சரக்கு. ஆனால் அச்சில் செலுத்த வேண்டுமென்றால் 300 டிகிரியைத் தாண்ட வேண்டும். அந்தச் சூட்டில் அது காற்றோடு வினைபுரிந்து கெடத் தொடங்கிவிடும். சொத்து இருந்தும் செலவழிக்க முடியாத கதை. காப்பாற்றியது மலிவான பாலிஸ்டைரீன். எந்த விகிதத்தில் போட்டாலும் இரண்டும் மூலக்கூறு அளவில் கரைந்துவிடுகின்றன. பாலிஸ்டைரீன் இளகுவது 100 டிகிரியில். கலவைக்கு இரண்டு இளகுநிலை கிடையாது, நடுவே ஒன்றே ஒன்றுதான். விகிதத்தை மாற்றினால் அது மேலும் கீழும் நகரும். ஒரே ஜோடியை வைத்துக்கொண்டு பல கிரேடுகளை விற்க முடிவது இதனால்தான்.

பிசி-ஏபிஎஸ் கதை வேறு. பாலிகார்பனேட்டை 1953இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் ஹெர்மன் ஷ்னெல்லும் ஜெனரல் எலக்ட்ரிக்கில் டேனியல் ஃபாக்ஸும் ஒருவரையொருவர் அறியாமல் கண்டுபிடித்தார்கள். அடி தாங்கும், சூடு தாங்கும். ஆனால் உருகிய நிலையில் பிசின்போல் கெட்டி, மெல்லிய சுவருக்குள் ஓடாது. தடித்த பாகத்தில் சிறு வெட்டுக்காயம் விழுந்தாலோ பட்டென்று உடையும். ஏபிஎஸ் என்பது ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பிளாஸ்டிக்குக்குள் ரப்பர்த் துளிகள் பதிந்த சரக்கு. அதைச் சேர்த்தால் இரண்டு குறையும் பெருமளவு தீர்கிறது. இங்கே எதுவும் எதிலும் கரைவதில்லை. சோதித்தால் இரண்டு இளகுநிலைகள் தனித்தனியே தெரியும். ஆனால் ஏபிஎஸ்ஸில் உள்ள ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதியில் அக்ரிலோநைட்ரைல் சுமார் 25 சதவீதம் இருந்தால், எல்லைக்கோட்டில் அது பாலிகார்பனேட்டை நன்றாகப் பற்றிக்கொள்கிறது. அடி விழும்போது ரப்பர்த் துளிகள் உள்ளுக்குள் கிழிந்து அழுத்தத்தை விடுவிக்கும். சுற்றியுள்ள பாலிகார்பனேட் உடையாமல் இழுபடும்.

முழுக்கக் கரைந்த கலவைதான் உயர்ந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. நான் ஏற்க மாட்டேன். கரைந்தால் பெரும்பாலும் கிடைப்பது சராசரிதான். அடி தாங்கும் குணம் வேண்டுமென்றால் ஏதோ ஒன்று தனியே நிற்க வேண்டும். நோரிலுக்கே அந்தக் குணம் வருவது, அதில் சேர்க்கும் பாலிஸ்டைரீனுக்குள் கரையாமல் கிடக்கும் ரப்பர்த் துளிகளால்தான்.

சரி, தண்ணீருக்கு வருவோம். இங்கே போட்டியே இல்லை. பாலிகார்பனேட் சங்கிலியில் உள்ள கார்பனேட் பிணைப்பைச் சுடுநீர் மெல்ல அறுக்கும். காரத்தன்மை இருந்தால் இன்னும் வேகம். ஏபிஎஸ் தயாரிப்பில் மிஞ்சும் சோப்புத் தடயங்கள்கூட இந்த வேலையைச் செய்யும். பிபிஓவில் இருப்பது ஈதர் பிணைப்பு. தண்ணீர் அதை ஒன்றும் செய்வதில்லை. ஒரு நாள் ஊறவைத்தாலும் நோரில் உறிஞ்சுவது 0.1 சதவீதத்துக்குள்தான். நைலான் 66 முழுக்க ஊறினால் 8 சதவீதத்துக்கும் மேல் குடித்துவிட்டு உப்பும். இம்பெல்லருக்கும் அதன் கூட்டுக்கும் இடையே இருக்கும் சிறு இடைவெளியை நினைத்தால், பம்ப் செய்பவர்கள் ஏன் நோரிலைப் பிடித்துக்கொண்டார்கள் என்பது புரியும். துருவும் பிடிக்காது. மணல் ஏறும் கிணறானால் அது வேறு விஷயம். எந்த பிளாஸ்டிக் இம்பெல்லரும் தேயும்.

மோல்டிங் ஷாப்பிலும் இதே வேறுபாடு தலைகாட்டும். பிசி-ஏபிஎஸ் குருணையை 100 டிகிரி அளவில் மூன்று நான்கு மணி நேரம் உலர்த்தாமல் போட்டால் வெள்ளிக் கீற்றுகள் வரும். கீற்று வந்தால்கூடப் பரவாயில்லை, எடுத்துப் போட்டுவிடலாம். பார்க்க நன்றாக இருந்து, சங்கிலி அறுந்த பாகமாக வாடிக்கையாளரிடம் போய் உடைவதுதான் தொல்லை. நோரிலையும் உலர்த்தத்தான் சொல்வார்கள், ஆனால் அது இவ்வளவு கோபக்காரன் அல்ல.

பார்வைக்கு பிசி-ஏபிஎஸ் பக்கம்தான் என் ஓட்டு. மெல்லிய சுவர், வழுவழுப்பான முகம், குரோம் முலாம் எல்லாம் அதற்கு வரும். நோரிலின் இயல்பான நிறமே பழுப்பு கலந்த மஞ்சள். தூய வெள்ளை கேட்டால் திணறும். வெயிலில் இரண்டுமே மஞ்சளடிக்கும், கவனம்.

பெட்ரோல், கரைப்பான் படும் இடத்தில் இரண்டையும் நம்பக் கூடாது. அங்கே பிபிஓவை நைலானுடன் சேர்த்த மூன்றாவது அலாய் இருக்கிறது. தானாகச் சேராத அந்த ஜோடியை மாலெயிக் அன்ஹைட்ரைடு போன்ற ஒன்றால் வேதிப் பிணைப்பு போட்டுக் கட்டிவைக்கிறார்கள். பெயின்ட் சூளைச் சூட்டைத் தாங்குவதால் கார் ஃபெண்டர்வரை போயிருக்கிறது.

அப்புறம், மறுபடி அரைத்த கழிவு. இரண்டும் கறுப்பாக இருக்கிறதே என்று ஒரே மூட்டையில் கொட்டிவிடுவதுண்டு. பாலிகார்பனேட்டும் நோரிலும் ஒன்றையொன்று பற்றுவதில்லை. வார்த்த பாகம் ஏடு ஏடாக உரியும். உள்ளே பொறித்த 'பிசி+ஏபிஎஸ்', 'பிபிஇ+பிஎஸ்' (நோரிலின் குறி, பிபிஇ என்பது பிபிஓவின் இன்னொரு பெயர், பிஎஸ் பாலிஸ்டைரீன்) குறிகளைப் பார்த்து, அரைப்பதற்கு முன்பே பிரித்துவிட வேண்டும்.