ஒற்றை மின்முனை ஒளிர்வுத் தட்டு: சேலத்து ஈரமாவுச் சோதனையில் இரண்டு ஆண்டுகள்

சேலத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளிலிருந்து வரும் மரவள்ளிக்கிழங்கு மாவில், வெளுப்பதற்காக ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்திருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் சிறிய ஆய்வகத்தின் பணிகளில் ஒன்று. கிழங்கு அரைக்கும் பருவத்தில் ஒரே நாளில் நாற்பது மாதிரிகள்கூட வந்து சேரும். பெர்மாங்கனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவிடும் டைட்ரேஷனை ஒவ்வொன்றாகச் செய்தால் பொழுது போதாது என்பதோடு, மாவிலுள்ள கரிமப் பொருள்களும் பெர்மாங்கனேட்டைச் செலவழித்து அளவைக் கூட்டிக் காட்டும். ஆகவேதான், மின்சாரத்தால் தூண்டப்படும் வேதிவினையின் ஒளியை அளக்கும் மின்வேதி ஒளிர்வுத் தட்டுக்கு மாறினேன்.

காரக் கரைசலில் உள்ள லூமினால் என்ற ஒளிரும் வேதிப்பொருள், மின்முனையில் ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடுடன் வினைபுரியும்போது, 425 நானோமீட்டர் அளவில் நீல ஒளியை உமிழும். மின்னாற்பகுப்பின்போது லூமினால் ஒளிர்வதை அமெரிக்க உயிரியலாளர் ஹார்வி 1929இல் பதிவு செய்தார். 2018இல் சீனாவின் சாங்சுன் ஆய்வுக் குழுவினர் அறிவித்த ஒற்றை மின்முனை அமைப்புதான் இதை எளிய ஆய்வகங்களுக்கும் எட்டச் செய்தது. மின்கடத்தும் ஐடிஓ (இண்டியம் டின் ஆக்சைடு) பட்டை ஒன்றின்மேல் துளையிட்ட ஸ்டிக்கரை ஒட்டி, துளைகளில் கரைசலை இட்டு, பட்டையின் இரு முனைகளிலும் மின்னழுத்தம் கொடுத்தால், பட்டையின் மின்தடையால் ஒவ்வொரு துளைக்குள்ளும் ஒரு மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, துளையின் ஒரு புறம் ஆக்சிஜனேற்றமும் மறுபுறம் ஒடுக்கமும் நடக்கின்றன. துளைக்குத் துளை கம்பி இழுக்க வேண்டியதில்லை. 30 வோல்ட் வரை தரும் டிசி சப்ளை, கறுப்பு அட்டைப்பெட்டி, பழைய கைபேசி ஆகியவற்றைக் கொண்டு பத்துத் துளைகளையும் ஒரே படத்தில் அளக்கிறேன்.

முதல் சில மாதங்கள் எனக்குத் தொல்லை தந்தது தட்டு அன்று, தண்ணீர்தான். இரும்பு, செம்பு, கோபால்ட் அயனிகள் லூமினால் வினையை ஊக்குவிக்கும் என்பதைப் படித்திருந்தும், ஆழ்துளைக் கிணற்று நீரில் கழுவிய கண்ணாடிக் கலங்களை அப்படியே பயன்படுத்தியதால், பெராக்சைடு இல்லாத மாதிரியும் ஒளிர்ந்தது. காய்ச்சி வடித்த நீருக்கு முழுமையாக மாறிய பிறகே எண்கள் சீராயின. ஆனாலும் மாதிரி சேர்க்காத வெற்றுக் கரைசல் முற்றிலும் இருண்டு போவதில்லை. நீரில் கரைந்த ஆக்சிஜனே ஒடுக்கப் பக்கத்தில் சிறிது பெராக்சைடாக மாறக்கூடும். ஆகவே ஒவ்வொரு தட்டிலும் மூன்று துளைகளை வெற்றுக் கரைசலுக்கும் அன்றன்று தயாரித்த, பெராக்சைடின் அளவு தெரிந்த திட்டக் கரைசல்களுக்கும் ஒதுக்குகிறேன். இதைத் தவிர்த்துவிட்டு எடுத்த எந்த அளவையும் நான் அறிக்கையில் எழுதுவதில்லை.

மாதிரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிழங்கிலுள்ள கேட்டலேஸ் நொதி பெராக்சைடைச் சிதைப்பதால், தொட்டியிலிருந்து எடுத்த மாவுப்பாலை உடனே வடிகட்டிச் சோதிக்க வேண்டும். வறுத்துக் காய்ந்த ஜவ்வரிசியில் ஒளி தெரியவில்லை என்பதற்காக, அதில் வெளுப்பான் சேர்க்கப்படவில்லை என்று முடிவு கட்டுவது தவறு. இன்னொன்று, ஹைப்போகுளோரைட் என்ற குளோரின் வெளுப்பான் கலந்த மாதிரி மின்சாரம் பாயும் முன்பே லூமினாலை ஒளிரச் செய்யும் என்பதால், சுவிட்சைப் போடுவதற்கு முன் ஒரு படம் எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஏற்காட்டுக் காப்பி வடிநீரையும் ஆர்வத்தால் சோதித்துப் பார்த்தேன். காப்பியின் பாலிஃபீனால்கள் ஒளியை மங்கச் செய்ய, வடிநீர் நிற்க நிற்க அதிலேயே பெராக்சைடு உருவாக, இரண்டையும் பிரித்தறிய இந்தத் தட்டால் முடியவில்லை.

பட்டையின் ஆயுள் குறைவு. ஒடுக்கப் பக்கத்தில் ஐடிஓ படிப்படியாகப் பழுப்பு நிறம் அடைந்து கடத்துதிறனை இழக்கிறது. நீண்ட நேரம் மின்சாரம் விட்டால் பட்டை சூடாகி ஒளியும் மாறுகிறது. அதனால் பத்து நொடிக்கு மேல் விடுவதில்லை. கைபேசிக் கேமராவின் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்), ஒளிபடும் நேரம் இரண்டையும் மாறாதபடி பூட்டிவைக்கிறேன். கோடையில் பிற்பகல் வெப்பம் ஏறும்போது திட்டக் கரைசலின் ஒளி மாறுவதைக் கண்டு, இப்போது காலை பத்து மணிக்குள் தட்டுகளை முடித்துவிடுகிறேன். ஐயத்திற்குரிய மாதிரிகள் மட்டுமே அதன்பின் டைட்ரேஷனுக்குப் போகின்றன. அவை பெரும்பாலான நாள்களில் ஐந்தாறைத் தாண்டுவதில்லை.