சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் இரண்டாம் தளத்தில் லா மியன், டம்ப்ளிங்: எதை வாங்கலாம், எதை விடலாம்

சிங்கப்பூரில் கடைத்தொகுதி உணவகத்துக்குப் போய் சியாவ் லோங் பாவ் (உள்ளே இறைச்சிப் பூரணமும் சாறும் வைத்து ஆவியில் வேகவைக்கும் டம்ப்ளிங், கொழுக்கட்டைபோல்) ஒரு கூடையும் ஒரு கிண்ணம் நூடுல்ஸும் வாங்கினால், விலைக்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி என்று ரசீது நீளும். ஸ்மித் ஸ்ட்ரீட் 335ஆம் எண்ணில் உள்ள சைனாடவுன் காம்ப்ளெக்ஸின் இரண்டாம் தளத்து உணவங்காடியில் அந்தத் தொல்லை கிடையாது. பலகையில் போட்ட விலைதான் கொடுக்கும் விலை. நூடுல்ஸ் கிண்ணம் ஐந்து வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) ஏழு வெள்ளி வரை, டம்ப்ளிங் ஒரு தட்டு ஏறக்குறைய அதே அளவு. இரண்டு பேர் வயிறு நிறைய மூன்று வகை வாங்கினாலும் இருபது வெள்ளியைச் சுற்றியே முடியும்.

இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் உள்ள தளம் இது. சைனாடவுன் தெருவோர வியாபாரிகளை 1983இல் இந்தக் கட்டடத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் பழைய கடைகள் பெரும்பாலும் கேன்டனீஸ், ஹொக்கியென், தியோச்சியூ என்று தென்சீன வட்டாரச் சமையல். கோதுமை மாவில் இழுக்கிற, மடிக்கிற கடைகள் அப்புறம் வந்தவை. சீனாவிலிருந்து பின்னாளில் குடியேறியவர்கள் நடத்துபவை. இவர்கள் பலகையில் ஷாங்ஹாய் பக்கத்து சியாவ் லோங் பாவ், வடகிழக்கு ஜியாவ்ட்ஸ, சிச்சுவான் மிளகாய் எண்ணெய் வொன்டன் (மெல்லிய தோல் டம்ப்ளிங்), வடமேற்கு லா மியன் (கையால் இழுத்த நூடுல்ஸ்) எல்லாம் ஒன்றாகத் தொங்கும். சீனாவில் இவையெல்லாம் வேறு வேறு ஊரின் சாப்பாடு. ஒரே அடுப்பில் நாலும் முதல் தரமாக வராது. ஆகவே பலகையைப் படிப்பதற்கு முன்னால் கண்ணாடிக்குப் பின்னால் கைகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். எதை அந்த நேரத்தில் மடித்துக்கொண்டிருக்கிறார்களோ அதை வாங்குங்கள். மற்றது பெரும்பாலும் உறைபெட்டியிலிருந்து வருவது.

இந்தத் தளத்தில் என் முதல் தேர்வு மிளகாய் எண்ணெய் வொன்டன்தான். தோல் மிக மெல்லியது, கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போதும், உடனே வடித்துச் சாற்றில் போட்டுவிடுவார்கள். சாறு மிளகாய் எண்ணெய், சோயா, கறுப்பு வினிகர், பூண்டு, கொஞ்சம் சர்க்கரை. எண்ணெய் மேலே மிதக்கும், சோயாவும் சர்க்கரையும் அடியில் தங்கும். அதனால் கரண்டியை அடிவரை விட்டு ஒருமுறை புரட்டிவிட்டுத்தான் தொட வேண்டும். புரட்டாமல் சாப்பிட்டால் முதல் நாலு வெறும் எண்ணெய்க் காரம், கடைசி நாலு உப்பு. காரம் நாக்கைச் சுடாது. வறுத்த மிளகாயின் மணமும், கடையைப் பொறுத்து சிச்சுவான் மிளகின் மரமரப்பும்தான் இதன் ருசி. எண்ணெயில் மிளகாய் கருகியிருந்தால் பின்நாக்கில் கசப்பு நிற்கும். அப்படிப்பட்ட கடையில் காரமான எதையும் திரும்ப வாங்க வேண்டாம்.

சியாவ் லோங் பாவுக்கு உள்ளே சாறு எப்படி வருகிறது என்று தெரிந்தால், எங்கே கெடுகிறது என்பதும் விளங்கும். பன்றித் தோலை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த சாற்றை ஆறவிட்டால் கட்டியாக உறைந்துவிடும். அதைப் பொடியாக நறுக்கிக் கொத்திறைச்சிப் பூரணத்தோடு கலப்பார்கள். நீராவியில் ஆறேழு நிமிடம் வெந்ததும் கட்டி உருகிச் சாறாகிவிடும். டம்ப்ளிங்கின் தோல் புளிக்காத மாவு. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெல்லியதாகவும் உருட்டியிருக்க வேண்டும். ஓரமும் கனமாக இருந்தால் மடிப்புகள் கூடும் உச்சியில் வேகாத மாவுக் கட்டி பல்லில் மாட்டும். பெயர்பெற்ற டின் தை ஃபங்கில் ஒன்றுக்கு 18 மடிப்பு கணக்கு. இங்கே அந்தக் கணக்கு முக்கியமில்லை, உச்சி மெல்லியதாக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். இந்த விலையில் தோல் கொஞ்சம் தடிமனாகத்தான் இருக்கும். அதைக் குறையாக நான் எண்ணுவதில்லை, சாறு ஒழுகாமல் வந்தால் போதும்.

கூடை மேசைக்கு வந்ததும் ஒரு நிமிடம் விடுங்கள். உடனே எடுத்தால் ஈரத்தில் அடி ஒட்டிக்கொண்டு கிழியும், சாறு முழுக்கக் கூடைக்குப் போகும். நடுவயிற்றைக் கவ்வாமல் குச்சியால் உச்சி முடிச்சைப் பிடித்து, மெல்ல ஒரு பக்கமாகச் சாய்த்து உரித்தாற்போல் தூக்கி, இஞ்சிச் சீவல் போட்ட கறுப்பு வினிகரில் தொட்டுக் கரண்டியில் வையுங்கள். பக்கவாட்டில் சின்னதாகக் கடித்து முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். முழுதாக வாயில் போட்டால் மேல் அண்ணம் வெந்துபோகும். பத்து நிமிடத்துக்கு மேல் கூடையில் கிடந்தால் தோல் சாற்றை உறிஞ்சித் தொளதொளத்துவிடும். எனவே இதைத் தாபாவ் செய்வதில் (கட்டிக்கொண்டு போவதில்) அர்த்தமே இல்லை.

ஜியாவ்ட்ஸ வேறு ரகம். சோமாசிபோல் பாதி வட்டமாக மடித்து ஓரத்தை அழுத்தியது, தோல் கனமானது, சாறு குறைவு. வேகவைப்பதில் ஒரு முறை உண்டு: கொதி பொங்கும்போது ஒரு குவளை பச்சைத் தண்ணீர் விட்டு அடக்குவது, மறுபடி பொங்கினால் மறுபடி விடுவது, இப்படி மூன்று தரம். ஓயாமல் கொதித்தால் பூரணம் வேகும் முன்பே தோல் வெடிக்கும். தட்டில் ஓரம் பிரிந்தவை பல இருந்தால் அவசரத்தில் வெந்தவை என்று பொருள். பொரித்தது வேண்டுமென்றால் குவோ தியே. தட்டைச் சட்டியில் எண்ணெய் விட்டு அடுக்கி, மாவு கரைத்த தண்ணீர் ஊற்றி மூடி, தண்ணீர் வற்றும்வரை வைக்க வேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதை அப்புறம் சொன்னால் எல்லாம் ஒன்றாக மேசைக்கு வரும்.

லா மியனில்தான் ஏமாற இடமுண்டு. உண்மையான கையிழுப்பில் மாவோடு உப்பும் காரநீரும் (மிளகாய்க் காரமல்ல, சோடா உப்புபோல் காரத்தன்மை உள்ள நீர்) சேர்த்துப் பிசைந்து ஊறவிடுவார்கள். காரநீரால்தான் இழை அறுபடாமல் நீளும், கடிக்கும்போது துள்ளும். ஒவ்வொரு மடிப்புக்கும் இழை இரட்டிக்கும். ஏழாம் மடிப்பில் 128, எட்டாம் மடிப்பில் 256. கிண்ணத்தில் பார்த்தால் இழை உருண்டையாக, அங்கங்கே தடித்தும் மெலிந்தும் இருக்கும். எல்லா இழையும் ஒரே அளவில், விளிம்பு சதுரமாக இருந்தால் அது இயந்திரத்தில் வெட்டியது, பலகையில் லா மியன் என்று போட்டிருந்தாலும் சரி. இந்தக் கடைகளில் சூப் பொதுவாக நீர்த்ததுதான். சூப் நூடுல்ஸைவிட ஜா ஜியாங் மியனை எடுங்கள்: வறுத்த சோயாப் பயறு விழுது, கொத்திறைச்சி, வெள்ளரித் துருவல். வந்த கையோடு கிளற வேண்டும், இரண்டு நிமிடம் விட்டால் இழைகள் ஒட்டிக் கட்டியாகிவிடும். சூப் நூடுல்ஸைத்தான் கட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் சூப்பைத் தனிப் பையில் கேளுங்கள்.

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஸ்ரீ மாரியம்மன் கோயிலும் ஜாமிஆ சூலியா பள்ளிவாசலும் நடக்கிற தூரத்தில் இருப்பதால் நம் ஆட்கள் நிறையப் பேர் இந்தப் பக்கம் வருவதுண்டு. தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இந்த மாவுக் கடைகளில் பன்றி இறைச்சிதான் அடிப்படை, ஹலால் கிடையாது. சைவர்களுக்கு முட்டையும் சீனப் பூண்டுத்தழையும் வைத்த ஜியாவ்ட்ஸ சில கடைகளில் உண்டு. ஆனால் அதே கொதிநீரில் இறைச்சி டம்ப்ளிங்கும் வேகும். வெங்காயத்தாள் ரொட்டியில் பன்றிக் கொழுப்பு தடவுகிறார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சுத்த சைவம் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடைகள் சரிப்படாது.

பகல் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை வரை அலுவலகக் கூட்டம். பதினொரு மணிக்கோ இரண்டரைக்கு மேலோ போனால் வரிசை இருக்காது, மடிக்கிறவர்களுக்கும் நிதானமிருக்கும். விடுமுறை நாள் கடைக்குக் கடை மாறும், திங்கள், செவ்வாயில் மூடியவை அதிகம். மேசையில் டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அந்த இடம் பிடித்தாகிவிட்டது. குளிர்சாதனம் இல்லை, மின்விசிறிக்கு அடியில் இடம் பாருங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும், பேநவ் (கைப்பேசியில் பணம் செலுத்தும் உள்ளூர் முறை) பெரும்பாலும் ஓடும், வெளிநாட்டு அட்டையை நம்ப வேண்டாம். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைப்பது 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை 300 வெள்ளி.

சில கடைகளில் வேகாத ஜியாவ்ட்ஸவை உறையவைத்துப் பொட்டலமாகவும் விற்கிறார்கள். வாங்கும்போது பையைக் குலுக்கிப் பாருங்கள், தனித்தனியாக உருண்டால் நல்லது. ஒட்டிக் கட்டியாக இருந்தால் ஒருமுறை உருகி மறுபடி உறைந்தவை, பானையில் போட்டதும் தோல் பிய்ந்துவிடும். வீட்டில் உருகவிடாமல் நேரே கொதிநீரில் போட்டு, அதே மூன்று தரம் பச்சைத் தண்ணீர் முறையில் வேகவைத்து, மிதந்தபின் ஒரு நிமிடம் கழித்து எடுங்கள்.