யார்டு தேடும்போது சாயங்காலத்தைப் பாருங்கள்

ஆறு மீட்டர் நீளமுள்ள பிளைவுட் படகு ஒன்றை என் கையாலேயே கட்டி முடிக்க நான்கு வருடம் ஆனது. அதற்குள் மூன்று யார்டு, அதாவது படகு கட்டும் இடம், மாறிவிட்டேன். மரம், ரெசின், கருவிகளைப் பற்றிச் சொல்லித்தர நிறையப் பேர் கிடைத்தார்கள். இடத்தைப் பற்றி மட்டும் யாரும் விவரமாகச் சொல்லவில்லை. என் நாட்களை அதிகம் தின்றது அந்த இடம்தான். அதனால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் யார்டைப் பிடித்தபோது நான் பார்த்தது சராசரி வெப்பநிலையை. வருடம் முழுக்க 25 டிகிரியை ஒட்டியே இருக்கும் இடம். குளிர் இல்லை, ஹீட்டர் வேண்டாம், சரி, இதுதான் இடம் என்று முடிவு செய்தேன். சராசரி என்பது பகலையும் இரவையும் கலந்து சொல்லும் எண் என்பது அப்போது உறைக்கவில்லை. பகல் 11 மணிக்குத் தார்ப்பாய்க்கு அடியில் வெப்பமானியை வைத்தால் 36 காட்டியது. ரெசினையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் கலந்தால் கிடைப்பது எபாக்சி. அந்தச் சூட்டில்தான் முதல் முறையாக அரை லிட்டர் எபாக்சியை ஒரே டப்பாவில் கலந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டப்பா கையைச் சுட்டது, மேலே வெளிறிய புகை எழும்பியது, பிரஷ் உள்ளேயே நின்றுவிட்டது.

எபாக்சி இறுகும்போது தானாகவே சூட்டை வெளிவிடும். சூடு ஏற ஏற இறுகும் வேகமும் கூடும். தோராயமாக 10 டிகிரி கூடினால் நம் கையில் இருக்கும் நேரம் பாதியாகிவிடும். 25 டிகிரியில் அரை மணி நேரம் தாங்கும் கலவை 35இல் கால் மணி நேரம்தான் தாங்கும். டப்பாவில் குவிந்து கிடந்தால் அதுவும் கிடையாது. அப்புறம் மெதுவாக இறுகும் ஹார்டனருக்கு மாறினேன். ஒரு தடவைக்கு 200 மில்லிக்கு மேல் கலக்காமல், கலந்ததை உடனே அகலமான தட்டில் மெல்லிசாக ஊற்றி வைத்துச் சமாளித்தேன்.

சமாளிக்க முடியாமல் போனது குமிழி. காலையில் வெறும் மரத்தின் மேல் பூசிவிட்டுப் போவேன். வெயில் ஏறியதும் பரப்பு முழுக்க ஊசிமுனை அளவில் குமிழிகள் கிளம்பியிருக்கும். மரத்தின் நுண்துளைகளில் இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, இறுகாத ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதால் நடப்பது இது. மரம் ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் பூசினால் தலைகீழ்: உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, ரெசினைத் தன்னோடு உள்ளே இழுக்கும். ஆகவே பூச்சுக்கு நல்ல நேரம் சாயங்காலம். அந்த யார்டிலோ 5 மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். எனக்கு வேண்டிய நேரம் ஆரம்பிப்பதே 5 மணிக்குத்தான். ஒன்பது மாதம் அந்தக் கதவோடு மல்லுக்கட்டிவிட்டுக் கிளம்பினேன்.

இரண்டாவது இடத்தில் கூரை இருந்தது, நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆனால் கொட்டகை தண்ணீர் ஓரத்திலேயே இருந்தது. இரவு பூசிய பரப்பைக் காலையில் தொட்டால் மெழுகு தேய்த்தது போல வழவழப்பு. ஹார்டனரில் இருக்கும் அமீன் என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே படியும் பிசுக்கு அது. தண்ணீரும் ஸ்கிரப்பரும் வைத்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் பிசுக்கு பரப்பெங்கும் இழுபடும். ஒரு நாள் அவசரத்தில் கழுவாமலேயே அடுத்த பூச்சைக் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து உள்ளங்கை அகலத்துக்கு அந்தப் பூச்சு உரிந்து கையோடு வந்தது.

அன்றிலிருந்து பனிநிலையைப் பார்க்காமல் டப்பாவைத் திறப்பதில்லை. எந்த வெப்பநிலைக்கு இறங்கினால் காற்றின் ஈரம் நீர்த்துளியாகப் படியுமோ, அதுதான் பனிநிலை. மரத்தின் பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும். தண்ணீர் ஓரத்தில் இருட்டியதும் அந்த இடைவெளி சட்டென்று சுருங்கிவிடும். சாயங்காலம் நல்லதுதான், ஆனால் காற்று உலர்ந்த சாயங்காலமாக இருக்க வேண்டும்.

இடம் இதமான வெப்பத்தில் இருக்க வேண்டும் என்பது ரெசினுக்காக மட்டும் இல்லை. சூடான இடத்தில் முதலில் கழற்றி எறியப்படுவது முழுக்கைச் சட்டையும் கையுறையும். எனக்குப் பக்கத்தில் வேலை செய்த ஒருவர் அப்படித்தான் வெறுங்கையோடு ஒரு கோடைக்காலம் முழுக்க ரெசின் கையாண்டார். முழங்கை வரை தடிப்பு வந்தது. எபாக்சி ஒவ்வாமை ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் பட்டாலும் திரும்ப வரும். அவர் பாதிப் படகோடு வேலையை விட வேண்டியதாயிற்று. நன்றாக இழைக்கத் தெரிந்த மனிதர். இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

மூன்றாவது யார்டுக்குப் போய்ச் சேர ஏழு மாதம் தேடினேன். மேட்டு நிலம், உயரமான இரட்டைக் கூரை, இரண்டு பக்கமும் திறப்பு. பகலில் 27ஐத் தாண்டுவது அபூர்வம். இரவு 9 மணி வரை மின்சாரம் உண்டு. விதிகள் கறாரானவை: தேய்க்கும் மெஷினோடு வேக்குவம் இணைக்காமல் தூசி கிளப்பக் கூடாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. என்னுடைய ஈரப் பூச்சின் மேல் பக்கத்துக்காரரின் தூசி ஒரு நாளும் விழவில்லை என்று கண்டபோது அந்த விதியின் அருமை புரிந்தது. இங்கே குளிர்காலத்தில் 12 டிகிரி வரை இறங்கும், ரெசின் தேன் போலக் கெட்டியாகிவிடும். டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திச் சூடேற்றிக்கொண்டேன். படகைச் சுற்றித் தார்ப்பாயில் கூடாரம் கட்டி, உள்ளே மின்சார ஹீட்டர் வைத்தேன். கேஸ், மண்ணெண்ணெய் ஹீட்டர் வேண்டாம். அவை எரியும்போது ஈரத்தையும் கரியமில வாயுவையும் விட்டு அதே பிசுக்கை வரவழைக்கும். மூடிய கூடாரத்துக்குள் உயிருக்கும் ஆபத்து.

யார்டு பார்க்கப் போகிறவர்கள் உச்சி வெயிலில் ஒரு தடவை, பொழுது சாய்ந்த பிறகு ஒரு தடவை, வெப்பமானியும் ஈரப்பதமானியும் எடுத்துக்கொண்டு போங்கள். சொந்தமாக வேலை செய்ய எழுத்தில் அனுமதி உண்டா, உதவிக்கு வெளியாட்களைக் கூட்டி வரலாமா, கதவை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசல் அகலத்தை நீங்களே அளந்துவிடுங்கள்.

படகு தண்ணீரில் இறங்கி இரண்டு வருடம் ஆகிறது. அணியத்துப் பெட்டியை, அதாவது படகின் முன்முனையில் இருக்கும் பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தால், முதல் யார்டில் பூசிய பலகையில் வார்னிஷுக்கு அடியில் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அதற்கு அடுத்த பலகை மூன்றாவது யார்டில் ஒரு மாலை 6 மணிக்குப் பூசியது, கண்ணாடி மாதிரி இருக்கிறது. அடுத்து ஒரு சின்னத் துடுப்புப் படகு கட்டப்போகிறேன். அதே கூரைக்கு அடியில் இடம் சொல்லி வைத்தாயிற்று.