வொர்க் பேக்கோட 11 வருஷம்: இசட்/ஓஎஸ் டெம்ப் ஸ்பேஸ் அனுபவம்

11 வருஷமா மெயின்ஃபிரேம் (இசட்/ஓஎஸ் ஓடற பெரிய கம்ப்யூட்டர்) பேட்ச் (வரிசையா தானா ஓடற ஜாப்) சப்போர்ட், அதுல பாதிக்கு மேல நைட் ஷிஃப்ட். டெம்ப் ஸ்பேஸ், அதாவது ஜாப் ஓடறப்ப தற்காலிகமா எடுத்துக்கற டிஸ்க் எடம், அத பத்தி நான் கத்துக்கிட்டது எல்லாமே ராத்திரி 2 மணிக்கு போன் அடிச்சு எழுப்பிவிட்டு கத்துக்கிட்டதுதான்.

ஆரம்பத்துல எனக்கு சுத்தமா புரியாத விஷயம், ரிப்போர்ட்ல வொர்க் பேக் (டெம்ப் ஃபைலுக்குன்னு ஒதுக்குன டிஸ்க்) 30 சதவீதம் காலின்னு காட்டும், ஆனா ஜாப் ஐஇஎஃப்257ஐ மெசேஜோட, ஸ்பேஸ் இல்லன்னு ஜேசிஎல் (ஜாபுக்கு என்ன வேணும்னு எழுதற மொழி) எரர்ல விழுந்து கெடக்கும். பந்தியில அங்கங்க ஒவ்வொரு இலை காலியா இருக்கு, ஆனா 6 பேரா சேர்ந்து வந்தா உக்கார இடமில்லல, அதே கதைதான். 3390 மாடல் 9 பேக்ல மொத்தம் 10,017 சிலிண்டர் (டிஸ்க் எடத்த அளக்கற யூனிட்), அதுல 3000 காலின்னு வைங்க, ஆனா எல்லாமே 100, 150னு சின்னச் சின்ன ஓட்டை. ஜாப் பிரைமரியா, அதாவது முதல் ஒதுக்கீடா, 1200 கேக்குது. சிஸ்டம் அதிகபட்சம் 5 துண்டு சேர்த்துதான் பிரைமரி குடுக்கும், 5 பெரிய ஓட்டையக் கூட்டினாலும் 750தான் வருது, முடிஞ்சுது கதை. செகண்டரியும் (பத்தலன்னா அப்புறம் கேக்கறது) இப்படி துண்டு துண்டா வந்தா சாதா சீக்வென்ஷியல் ஃபைலுக்கு பேக்குக்கு 16 எக்ஸ்டென்ட் (துண்டு)தான், அது சீக்கிரமே தீர்ந்து பி37, எடம் இல்லன்னு ஜாப் விழுந்துடும்.

அதனால மொத்த காலி எவ்வளவுன்னு பாக்கறதையே விட்டுட்டேன், பெரிய ஓட்டை எவ்வளவுன்னுதான் பாப்பேன்.

அப்புறம் ஒரு ரெண்டு மூணு வருஷம் டீஃப்ராக் (ஃபைல நகத்தி காலி எடத்த ஒண்ணா சேக்கறது) மேல பைத்தியமா இருந்தேன். அத பண்ற டிஎஃப்எஸ்எம்எஸ்டிஎஸ்எஸ் (சுருக்கமா டிஎஸ்எஸ்) டூல் குடுக்கற ஃப்ராக்மென்டேஷன் இண்டெக்ஸ் (காலி எடம் எவ்வளவு துண்டாகியிருக்குங்கற அளவு) 0க்கு பக்கத்துல வந்தா ஒரு சந்தோஷம். ஒரு தடவ பேட்ச் விண்டோ நடுவுலயே ஓட விட்டேன், அது விடாக்-ஐ (VTOC, பேக்குல எது எங்க இருக்குன்னு சொல்ற அட்டவணை) புடிச்சு வச்சுக்கிட்டதுல அந்த பேக்குல அலோகேட் பண்ண வந்த ஜாபெல்லாம் வரிசையா நின்னுச்சு, காலைல வாங்குன திட்டு இன்னும் மறக்கல. அத விடுங்க, ஓடிட்டு இருக்கற ஜாபோட டெம்ப் ஃபைல டீஃப்ராக்கால நகத்தவே முடியாது, மத்ததெல்லாம் ஸ்டெப்போ ஜாபோ முடிஞ்சா தானா போயிடும். பர்மனன்ட் பேக்குக்கு டீஃப்ராக் சரி, வொர்க் பேக்குக்கு தண்டம்.

நெஜமான வில்லன் அனாதை ஃபைல்தான். சிஸ்டம் கிராஷ் ஆனப்ப அழியாம நின்னு போனது, பேக் நடுவுல 2 ட்ராக் (சிலிண்டர்ல ஒரு சின்ன பகுதி) மட்டும் புடிச்சுக்கிட்டு காலி எடத்த ரெண்டா வெட்டி வச்சிருக்கும். பேர பாத்தாலே தெரியும், எஸ்ஒய்எஸ்24102னு ஆரம்பிச்சா 2024ல 102வது நாள், அதாவது ஏப்ரல் 11. அந்த பேர் மாதிரிய வச்சு டிஎஸ்எஸ்ல டம்மி அவுட்புட்டுக்கு டம்ப் பண்ணி டெலீட் குடுக்கற ஜாப் ஒண்ணு வாராவாரம் ஓடுது, 5 நிமிஷ வேலை, டீஃப்ராக்க விட இதுலதான் பலன் அதிகம்.

சின்ன டெம்ப் ஃபைலையெல்லாம் விஐஓவுக்கு (வொர்க் பேக்குக்கு பதிலா மெமரில வைக்கற வழி) தள்ளுனோம், நல்லா இருந்துச்சு. பேராசைல சைஸ் லிமிட்ட ரொம்ப ஏத்தி ஒரு மாசக் கடைசில பேஜ் டேட்டாசெட் (மெமரில பத்தாதத வைக்கற டிஸ்க் எடம்) 70 சதவீதம் தாண்டி ஐஆர்ஏ200ஈ எச்சரிக்கை அலறுச்சு, இறக்கிட்டோம். பெரிய சார்ட்டுக்கு (டேட்டாவ வரிசைப்படுத்தற வேலை) தனி பூல், அதாவது தனி பேக் கூட்டம். ஜேசிஎல்ல கையால எழுதுன சார்ட்வொர்க் டிடிய (சார்ட்டுக்கு டெம்ப் எடம் கேக்கற வரி) தூக்கிட்டு, சார்ட் புரோகிராமான டிஎஃப்சார்ட்டே டைனமிக்கா எடுத்துக்கட்டும்னு விட்டதுல ராத்திரி போன் பாதியா கொறஞ்சுது.

மீதிப் பாதி டெவலப்பர்ங்களால. யாரோ எப்பவோ எழுதுன பெரிய ஜாப காப்பி அடிச்சு புது ஜாப் போடுவாங்க, ஸ்பேஸ் லைன தொடவே மாட்டாங்க. போன வாரம் பாத்த ஒண்ணு, டேட்டா மொத்தமே 4 ட்ராக், கேட்டது 1500 சிலிண்டர், ரிலீஸும் (மிச்ச எடத்த திருப்பிக் குடுக்கறது) போடல. கேட்டா "ஓடுதுல்ல ண்ணா"ங்கறான்.